மிர்ச்சா என்ற ருமேனியப் பெயர்: பொருள் என்ன, எப்படி உச்சரிப்பது?

பினாங்கு அத்தை:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்குப் போன வாரம் ஆண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம். தம்பி மனைவி ருமேனியாக்காரர், க்ளுஜ் என்ற ஊர். பாயான் லெப்பாஸில் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது பழக்கமாகி, மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. நல்ல பெண், அம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டு இப்போது ரசம் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

குழந்தைக்கு அவளுடைய தாத்தா பெயரை வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை, தம்பியும் சரி என்றுவிட்டான். பெயர் மிர்ச்சா, ரோமன் எழுத்தில் Mircea. அம்மா முதலில் கேட்டது, "என்னடா, பிள்ளைக்கு மிளகாய் என்று பெயரா?" இந்திப் படம் நிறையப் பார்ப்பவர், மிர்ச்சி ஞாபகம் வந்துவிட்டது. அதோடு 'ஆ' என்று முடிவதால் பெண் குழந்தைப் பெயர் போல இருக்கிறது என்று இன்னொரு குறை. வாயால் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முகம் வாடியிருக்கிறது. வீட்டில் முருகன் பெயர்தான் காலங்காலமாக வைப்போம்.

தம்பி மனைவியிடமே கேட்கலாம்தான். ஆனால் பிரசவமாகிப் பத்து நாள் கூட ஆகவில்லை, இப்போது போய் "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்" என்று கேட்டால் பெயர் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. "எங்கள் ஊர் பழைய ராஜாவின் பெயர்" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

30-ஆம் நாள் பெயர் சூட்டுகிறோம். அத்தை என்ற முறையில் நான்தான் பிள்ளையைத் தூக்கிக் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். தப்பும் தவறுமாகச் சொல்லக் கூடாது. இந்தப் பெயரின் வேர் என்ன, யார் அந்த ராஜா, சரியான உச்சரிப்பு என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பட்டர்வொர்த் குணா:

வாழ்த்துகள் அக்கா. நான் வேலை விஷயமாக ருமேனியாவில் திமிஷோவாரா என்ற ஊரில் இரண்டு வருஷம் இருந்தேன், என் சூப்பர்வைசர் பெயரே மிர்ச்சாதான், அதனால் உச்சரிப்பை நான் சொல்கிறேன்.

நம் மலேசியர்களுக்கு இது ரொம்பச் சுலபம். மலாயில் 'சி' (C) என்ற ரோமன் எழுத்தை எப்படிப் படிக்கிறோம்? சிலி, சூத்தி, சாந்திக் எல்லாவற்றிலும் அழுத்தமான 'ச்ச' ஒலிதானே. ருமேனிய மொழியில் அந்த எழுத்துக்குப் பின்னால் 'இ' அல்லது 'எ' வந்தால் அதே ஒலி. மற்ற இடத்தில் 'க' ஆகிவிடும், அது இங்கே தேவையில்லை. கடைசியில் இருக்கும் இரண்டு உயிரெழுத்தையும் தனித்தனியாக இழுக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மிர்ச்-சே-யா' என்று மூன்றாகப் பிரித்தால் தப்பு, 'மிர்' ஒன்று, 'ச்சா' ஒன்று, இரண்டே அசை. அழுத்தம் முதல் அசையில். 'ச்சா'வில் ஒரு சின்ன 'ய' சாயல் ஒளிந்திருக்கும், ஆனால் நீங்கள் மிர்ச்சா என்று சொன்னாலே அந்த ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆங்கிலேயர்கள் 'மிர்சியா' என்று சொல்லிக் கெடுப்பதைக் கேட்டிருக்கிறேன், அதற்கு நீங்கள் எவ்வளவோ மேல்.

பெண் பெயர் போல இருக்கிறது என்பது எங்கள் அலுவலகத்திலும் நடந்தது. இங்கிருந்து அவருக்குப் போன முதல் மின்னஞ்சலில் 'மேடம்' என்று எழுதிவிட்டார்கள், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ருமேனியாவில் 'ஆ'வில் முடியும் பெயர்களில் பெரும்பாலும் பெண் பெயர்கள்தான், மரியா, இயோவானா, இலியானா என்று. ஆனால் லூக்கா, தோமா, மிர்ச்சா இவையெல்லாம் ஆண் பெயர்கள், அங்கே யாருக்கும் குழப்பம் வராது. அம்மாவிடம் கேளுங்கள், நம் ராஜா, சிவா, கருப்பையா, முத்தையா எல்லாம் என்னவாம்?

செல்லமாக மிர்ச்சிக்கா என்று கூப்பிடுவார்கள். இதை மட்டும் அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

செந்தூல் வாத்தியார்:

இந்தப் பெயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், பால்கன் பகுதி வரலாறு எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் வேர். பெயரின் அடியில் இருப்பது 'மிர்' என்ற ஸ்லாவியச் சொல். அமைதி என்று ஒரு பொருள், உலகம் என்று இன்னொரு பொருள். ரஷ்யர்கள் 1986-இல் விண்வெளிக்கு அனுப்பிய நிலையத்துக்கு மிர் என்று பெயர் வைத்தார்களே, அதே சொல். மிரோஸ்லாவ், திராகோமிர், ராதோமிர் என்று இதை வைத்து எத்தனையோ பெயர்கள் உண்டு. அப்படிப்பட்ட நீண்ட பெயர்களின் செல்லச் சுருக்கமாகப் பிறந்ததுதான் மிர்ச்சா. நாம் சுப்பிரமணியத்தைச் சுப்பு என்றும் மணி என்றும் சுருக்கி, பிறகு சுப்பையா என்று அதையே முழுப் பெயராகவும் வைத்துக்கொள்வது போல. பின்னால் ஒட்டியிருக்கும் அந்த 'எயா' ஈறு ருமேனியர்களின் பழைய ஆண் பெயர்களில் சாதாரணமாக வருவது. வொய்னியா, ஒப்ரியா, மானியா என்று இன்னும் இருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ருமேனிய மொழி லத்தீனிலிருந்து வந்தது, இத்தாலியனுக்கும் ஸ்பானிஷுக்கும் உறவு. கி.பி. 106-இல் ரோமானியப் பேரரசன் திராயான் டாசியா நாட்டைப் பிடித்ததிலிருந்து தொடங்கும் கதை அது. அப்படியிருக்க அந்த நாட்டு ராஜாக்களுக்கு மிர்ச்சா, ராது, விளாத், பொக்தான், திராகோஷ் என்று ஏன் இத்தனை ஸ்லாவியப் பெயர்கள்? காரணம் கோயிலும் அரண்மனையும். அவர்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், வழிபாட்டு மொழியாக இருந்தது ஸ்லாவோனியம், அரசு ஆவணமும் அதே மொழியில்தான். வீட்டில் ஒரு மொழி பேசினார்கள், பூசையிலும் பட்டயத்திலும் இன்னொரு மொழி. ருமேனிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்தே 1521-இல் நியாக்ஷு என்ற வணிகர் பிரஷோவ் நகரத் தலைவருக்கு எழுதிய கடிதம்தான், துருக்கிப் படை நடமாட்டத்தைப் பற்றி எச்சரிக்கும் கடிதம். அதையும் சிரிலிக் எழுத்தில்தான் எழுதினார், தொடக்கத்தில் வணக்கம் சொல்வது ஸ்லாவோனியத்தில். தமிழ் பேசிக்கொண்டே ரமேஷ், சுரேஷ், லட்சுமி என்று பெயர் வைக்கும் நமக்கு இது புரியாத விஷயமா என்ன? 

அடுத்து அந்த ராஜா. மூத்த மிர்ச்சா. இன்றைய தெற்கு ருமேனியாவான வலாக்கியாவை 1386-இலிருந்து 1418 வரை, நடுவில் சில ஆண்டுகள் அரியணையை இழந்தது தவிர, ஆண்டவர். எதிரே நின்றது ஒட்டோமான் சுல்தான் பயாசித், மின்னல் என்று பட்டப்பெயர் பெற்றவர். 1390-களின் நடுவில் ரொவினே என்ற இடத்தில், சதுப்பும் காடுமான நிலத்தை நன்றாகப் பயன்படுத்தி, தன்னைவிடப் பெரிய படையை மிர்ச்சா திணறடித்தார். அவர் ஆட்சியின் உச்சத்தில் நாடு தன்யூப் நதியைத் தாண்டிக் கருங்கடல் வரை நீண்டது. கடைசிக் காலத்தில் சுல்தானுக்குத் திறை கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள வேண்டியும் வந்தது. அதைத் தோல்வி என்று சிலர் எழுதுவார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பக்கத்தில் பல்கேரியா அப்படியே விழுங்கப்பட்டபோது வலாக்கியா தன் ராஜாவோடும் தன் கோயிலோடும் தப்பிப் பிழைத்தது. ஒல்ட் ஆற்றங்கரையில் அவர் கட்டிய கோஸியா மடம் இன்றும் நிற்கிறது, அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

இப்போது உங்கள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான இடம். அவரை 'மூத்த' என்று ஏன் சொல்கிறார்கள்? ருமேனியச் சொல்லை நேராகப் பார்த்தால் கிழவர் என்றுதான் வரும், ஆனால் வயதைக் குறித்து வைத்த பெயர் அல்ல அது. அவருக்குப் பிறகு அதே வம்சத்தில் இன்னும் மிர்ச்சாக்கள் வந்தார்கள், அதனால் இவர் முன்னவர், மூதாதை, என்று பிரித்துச் சொன்னார்கள். அவர் மகன் விளாத், தன் மூத்த பிள்ளைக்குத் தன் அப்பா பெயரையே வைத்தார், மிர்ச்சா என்று. தாத்தா பெயர் பேரனுக்கு. பேரன் என்ற நம் சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். உங்கள் தம்பி மனைவி செய்திருப்பதும் அதைத்தான், அந்தப் பெண் தன் தாத்தா பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள். இதைவிடத் தமிழ் வழக்கம் வேறு எது இருக்கிறது?

ரீனா கே.எல்.:

ஐயா, விளாத் என்றால் டிராகுலாவா?

செந்தூல் வாத்தியார்:

ஆமாம், ஆனால் முறையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூத்த மிர்ச்சாவின் மகன் விளாத், 1431-இல் டிராகன் சங்கம் என்ற வீரப் பிரபுக்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளப்பட்டதால் 'திராகுல்' என்று பட்டம் பெற்றவர். அவருடைய மகன்களில் ஒருவன்தான் பின்னால் கழுவேற்றும் தண்டனைக்குப் பேர் வாங்கிய மூன்றாம் விளாத். டிராகுலா என்பது 'திராகுலின் மகன்' என்ற பொருளில் வந்த பெயர், இரத்தம் குடிப்பதெல்லாம் பிற்காலக் கற்பனை. ஆக மூத்த மிர்ச்சா அவருக்குத் தாத்தா. தாத்தா பெயர் வைக்கப்பட்ட அண்ணன் மிர்ச்சாவின் முடிவு பரிதாபமானது, 1447-இல் பகைவர்கள் அவரைக் குருடாக்கி உயிரோடு புதைத்தார்கள். பெயர் சூட்டும் வீட்டில் இந்தப் பகுதியைப் பேச வேண்டிய அவசியமில்லை. தேவைப்பட்டால் அதற்கு அடுத்த நூற்றாண்டில் ஆண்ட, 'இடையர்' என்று பட்டப்பெயர் பெற்ற மிர்ச்சாவைப் பற்றிச் சொல்லுங்கள். புக்கரெஸ்டில் இன்று நிற்கும் தேவாலயங்களிலேயே பழையது பழைய அரண்மனைத் தேவாலயம், அதைக் கட்டியவர் அவர்.

தமிழ்மாறன் கிள்ளான்:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. என் அப்பா காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள் முனியாண்டி, காத்தாயி என்று பெயர் வைத்தார்கள், பிறகு வந்தவர்கள் வடமொழிப் பெயருக்கு மாறினார்கள், அதற்கும் பிறகுதான் இளங்கோ, தமிழ்ச்செல்வி, கயல்விழி என்று போராடி நல்ல தமிழ்ப் பெயர்களுக்குத் திரும்பினோம். என் பெயரே அப்படி வைத்ததுதான். இந்த நாட்டில் நம் அடையாளமாக மிஞ்சியிருப்பது பெயர் ஒன்று. அதையும் விட்டுவிட்டால் நாளைக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்து யார் தமிழன் என்பார்கள்? தமிழ்ப் பெயர் ஒன்றும் சேர்த்து வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

செந்தூல் வாத்தியார்:

மாறன், உங்கள் கவலை எனக்கும் உண்டு, நானும் என் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர்தான் வைத்தேன். நீங்கள் சொன்னதை ருமேனியர்களும் அப்படியே செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவீர்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரான்சில்வேனியாவில் ஒரு அறிஞர் கூட்டம் கிளம்பி, நாம் ரோமானியரின் வழித்தோன்றல்கள், நம் மொழி லத்தீன் மொழி என்று எழுதவும் கற்பிக்கவும் தொடங்கியது. அதன் பிறகுதான் திராயான், அவ்ரெல், ஒவிதியு, லிவியு என்று ரோமானியப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கும் பழக்கம் பரவியது. ரோமை எதிர்த்துப் போரிட்டு உயிரை விட்ட டாசிய மன்னன் தெசெபால் பெயரையும் வைத்தார்கள், அவனை வென்ற திராயான் பெயரையும் வைத்தார்கள், இரண்டும் எங்கள் முன்னோர் என்று. 1860-களில் சிரிலிக் எழுத்தை விட்டுவிட்டு லத்தீன் எழுத்துக்கே மாறினார்கள். நம் மறைமலையடிகள் 1916-இல் வேதாசலம் என்ற பெயரை மாற்றிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இவ்வளவு நடந்தும் மிர்ச்சாவையும் ராதுவையும் விளாதையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. வேர் ஸ்லாவியம் என்று தெரியும், ஆனாலும் அந்தப் பெயர் தாங்கி இந்த மண்ணைக் காத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அது எங்கள் பெயர் என்று வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

தமிழ்ப் பெயரும் சேர்க்கலாம் என்பதை நானும் வழிமொழிகிறேன்.

பட்டர்வொர்த் குணா:

இரண்டு பெயர் வைப்பது அவர்களுக்கும் பழக்கம்தான். மிர்ச்சா புனிதர் பெயர் அல்ல, அதனால் ஞானஸ்நானத்தில் யோவான் போன்ற புனிதர் பெயர் ஒன்றைக் கூடச் சேர்ப்பவர்கள் உண்டு, என் சூப்பர்வைசர் மிர்ச்சா இயோவான். ஜனவரி 7 யோவான் நாள், அன்றைக்குப் பிறந்தநாளைவிடப் பெரிய கொண்டாட்டம், அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் வாழ்த்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு. அவர் அலுவலகத்துக்கே கேக் கொண்டுவந்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று, பந்துப் பைத்தியங்கள் வீட்டில் இருந்தால் மிர்ச்சா லுச்செஸ்குவைச் சொல்லுங்கள். 1970 உலகக் கிண்ணத்தில் ருமேனியாவின் கேப்டன், பெலேயின் பிரேசிலை எதிர்த்து ஆடியவர், பிறகு பயிற்சியாளராகி 2009-இல் உக்ரைனின் ஷாக்தார் அணிக்கு ஐரோப்பிய யூஃபா கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவர்.

பதிவு செய்யும்போது ஒரு வசதி, இந்தப் பெயரில் ருமேனிய வாலெழுத்து எதுவும் இல்லை. திராகோஷ், ஷ்டெஃபான் என்றால் எழுத்துக்குக் கீழே ஒரு குறி வரும், இங்குள்ள பாரத்தில் அது தொலைந்து உச்சரிப்பே மாறிவிடும்.

யோகா பத்மா:

நான் பத்துமலை சிவானந்தாசிரமத்துக்குப் போய்வருகிறவள். மிர்ச்சா என்றதும் எனக்கு மிர்ச்சா எலியாதேதான் நினைவுக்கு வந்தார். புக்கரெஸ்டில் 1907-இல் பிறந்தவர், இருபத்தொரு வயதில் கப்பலேறி இந்தியா வந்து, 1928 கடைசியிலிருந்து 1931 வரை இருந்தார். கல்கத்தாவில் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவிடம் சமஸ்கிருதமும் தத்துவமும் படித்தார், பிறகு ரிஷிகேசத்துக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கி யோகம் பழகினார். யாரிடம் தெரியுமா? சுவாமி சிவானந்தரிடம். சுவாமி நம் திருநெல்வேலி பத்தமடையில் பிறந்த குப்புசுவாமி, 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்தில் தோட்ட ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூரிலும் பத்து வருஷம் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பித் துறவியானார். அப்படி மலாயாத் தமிழர்களுக்கு மருந்து கொடுத்த அதே கைகளிடம்தான் ஒரு மிர்ச்சா போய் யோகம் கற்றுக்கொண்டார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

எலியாதே பின்னால் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமய வரலாற்றுப் பேராசிரியராகி 1986-இல் இறந்தார். 1930-களில் தன் நாட்டு வலதுசாரித் தீவிர இயக்கம் ஒன்றை ஆதரித்து எழுதியது அவர் வாழ்க்கையில் பெரிய கறை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அக்கா, குழந்தை என்ன நட்சத்திரம்?

பினாங்கு அத்தை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. மாறன் அண்ணா, நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அம்மா மனசில் இருந்ததைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

பத்மா, நட்சத்திரம் மகம். நீங்கள் கேட்ட பிறகுதான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன், மகத்துக்கு எழுத்து மா, மீ, மூ, மே!

யோகா பத்மா:

அப்புறம் என்ன அக்கா, 'மி'யில் தொடங்கும் பெயர்தானே வைத்திருக்கிறார்கள். குறில் நெடில் வித்தியாசம் பரவாயில்லையா என்று மட்டும் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரீனா கே.எல்.:

மிளகாய் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் சமையல் பற்றி எழுதுகிறவள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், கொலம்பஸ் 1492-இல் அங்கே போன பிறகுதான் வெளியே வந்தது, இந்தியாவுக்குப் போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது 16-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் நம் காரமெல்லாம் மிளகு, அதனால்தான் புதிதாக வந்ததை மிளகு போன்ற காய் என்று மிளகாய் என்றோம். வடக்கில் மிர்ச் என்ற சொல்லும் மிளகுக்கான சமஸ்கிருத 'மரிச' என்பதிலிருந்து வந்தது. வாத்தியார் சொல்கிற மூத்த மிர்ச்சா 1418-லேயே இறந்துவிட்டார். நம் குழம்பில் மிளகாய் விழுவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே அந்தப் பெயர் பட்டயத்தில் ஏறிவிட்டது. காதுக்கு ஒன்று போல இருக்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பினாங்கு அத்தை:

நேற்று சாயங்காலம் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ராஜா கதையைக் கேட்டுக்கொண்டார், அமைதி என்று பொருள் என்றதும் தலையாட்டினார், மிளகாய் பற்றி ரீனா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஆனால் அவரை அசைத்தது பெயரன் என்ற சொல்தான். என் அப்பாவுக்கு அவருடைய தாத்தா பெயர், தம்பிக்கு எங்கள் தாத்தா பெயர், இப்படித்தான் எங்கள் வீட்டில் வந்திருக்கிறது. "அவளுக்கும் தாத்தா இருப்பார் இல்லையா" என்று அம்மாவே சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அறைக்குள் போய்த் தம்பி மனைவியிடம் அந்தத் தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டார். ரயில்வேயில் இருந்தாராம், ஊருக்கு வெளியே பிளம் தோட்டம் வைத்திருந்தாராம், இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். சொல்லும்போதே அழுதுவிட்டாள், அம்மாவும் அழுதார். நான் இவ்வளவு நாள் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி.

பெயர் மிர்ச்சா வேலன் என்று முடிவாகியிருக்கிறது. வேலன் அம்மா தேர்ந்தெடுத்தது. அழைப்பிதழில் தமிழில் மிர்ச்சா என்று போடுவதா, மிர்ச்சியா என்று போடுவதா என்று அச்சகத்தில் கேட்கிறார்கள், குணா தம்பி சொன்னபடி மிர்ச்சா என்றே கொடுத்துவிட்டேன். வாத்தியார் ஐயா, பெயரில் வருவது ரகர மெய்யா றகர மெய்யா என்று குழப்பமே வரக் கூடாது என்பதால் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

செந்தூல் வாத்தியார்:

மி, ர், ச், சா. சரியாக இருக்கிறது அம்மா. காதில் சொல்லும்போது 'மிர்'ரை அழுத்தி, மெதுவாகச் சொல்லுங்கள்.